பொறுப்பும் கணக்கும்

வெளி மாநிலங்களில் வாழும் நாம், ஊரிலுள்ள சொத்தைக் கவனிக்க ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதித் தருகிறோம். யாருக்குத் தருவது என்று எண்ணுங்கால் திருப்பதியின் வரலாறு நினைவுக்கு வருகிறது.

திருமலைக் கோயில் நிர்வாகத்தை 1801 முதல் வட ஆர்க்காட்டுக் கலெக்டர் வழியே கிழக்கிந்தியக் கம்பெனி நடத்தியது. அம்மாவட்டத்தின் தலைநகர் அன்று சித்தூர். 1843-இல் கம்பெனி விலகி, ஹாதீராம்ஜி மடத்து மகந்துவிடம் பொறுப்பை ஒப்படைத்தது. மகந்துகள் விசாரணைகர்த்தர்களாயினர். நிர்வாகத்திற்குத் திட்டம் வகுக்கக் கோரிய வழக்கு 1907-இல் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1933-இல் தேவஸ்தானக் குழு பொறுப்பேற்றது. இடையில் 90 ஆண்டுகள் கழிந்தன.

நாம் எழுதும் பத்திரத்தைப் பொதுவாக நாமே ரத்து செய்யலாம். ஆயினும், அதற்குள் நேர்ந்த இழப்பு எளிதில் மீளாது. ஆதலின் உறவின் நெருக்கத்தை மட்டும் பாராது, கேட்குமுன் கணக்குக் காட்டுபவரையே தேர்வோமாக; அவர் செய்யத்தக்க காரியங்களையும் எல்லையிட்டு எழுதுவோமாக.