விக்டோரியா வெள்ளி ரூபாய்: அசலா, போலியா?

மும்பை நடைபாதைகளில் துணி விரித்துப் பழைய காசு விற்பவர்களிடம் விக்டோரியா ரூபாய் எப்போதும் கிடைக்கும். பாட்டி பெட்டியில் பார்த்த அதே காசாச்சே என்று நம்மாட்கள் வாங்கிவிடுகிறார்கள். கொஞ்சம் சரித்திரம் தெரிந்தால் பணம் மிச்சம்.

1835-ல் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுக்க ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். வெள்ளி 91.7 சதவீதம். நாட்டு மருந்துக் குறிப்புகளில் 'ரூபாய் எடை' என்று வருமே, அது இதுதான்! அதனால் போலி முதலில் மாட்டுவது தராசில். தேய்ந்த காசு எடை குறையலாம், கூட வழியே இல்லை.

அடுத்து எழுத்து. கம்பெனி ஆட்சி 1858-ல் முடிந்தது. 1862 காசில் கம்பெனி பெயர் இருக்காது, 'விக்டோரியா குயின்' என்றிருக்கும். 'எம்ப்ரஸ்' வந்தது 1877-ல்தான். 1862-ம் எம்ப்ரஸும் ஒரே காசில் இருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ராமர் பட்டாபிஷேகம் போட்ட 'கம்பெனி காசு' என்று லட்சக்கணக்கில் விலை சொல்வார்கள். கம்பெனி அப்படி ஒன்றை அடிக்கவே இல்லை. பூஜை அறையில் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? பிள்ளைகள் படிப்புக்குச் சேர்த்ததை அதில் கொட்டாதீர்கள்.

1940-ல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்த அரசு, கள்ளக் காசுக்குப் பயந்து விளிம்பின் நடுவே பள்ளம் ஓடும்படி அடித்தது. அச்சில் வார்த்த போலியில் அந்தப் பள்ளம் மழுங்கித் தெரியும். 1939 ரூபாய் அபூர்வம். யாராவது நீட்டினால் கடைசி 9-ஐ லென்ஸ் வைத்துப் பாருங்கள், 8-ஐச் சுரண்டியதாக இருக்கலாம்.