வாரக் கூட்டத்திலிருந்து சொட்டு மருந்து முகாம் வரை



ஊர் எல்லையில் பல்சக்கரம் போட்ட பெயர்ப் பலகைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 24 பற்களும் 6 ஆரங்களும் கொண்ட அந்தச் சக்கரம் ரோட்டரி சங்கத்தின் சின்னம். நம்மில் பலருக்கு ரோட்டரி என்றால் நினைவுக்கு வருவது, ஒரே ஒரு தையல் இயந்திரத்தைப் பத்துப் பேர் தொட்டுக்கொண்டு நிற்கும் புகைப்படம்தான். கூடிச் சாப்பிடுவார்கள், சால்வை போர்த்திக்கொள்வார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால் நம் நாட்டிலிருந்து இளம்பிள்ளை வாதம் ஒழிந்ததில் இந்தச் சாப்பாட்டுக் கூட்டத்துக்குப் பங்கு இருக்கிறது. எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கதை சிகாகோவில் தொடங்குகிறது. பால் ஹாரிஸ் என்ற வக்கீல் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். பெரிய நகரத்தில் தொழில் நடந்தது, ஆனால் பேச ஆள் இல்லை. அடுக்ககத்தில் எதிர் வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் வருஷக்கணக்கில் இருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1905 பிப்ரவரி 23 அன்று அவரும் ஒரு நிலக்கரி வியாபாரியும் ஒரு தையல்காரரும் ஒரு சுரங்கப் பொறியாளரும் கூடிப் பேசினார்கள். பிறகு ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் அலுவலகத்தில் சுழற்சி முறையில் கூடியதால் ரோட்டரி என்று பெயர் வந்தது. ஒரு தொழிலுக்கு ஓர் ஆள் என்பது விதி. ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்துக்கொள்வதும் அன்றைய நோக்கங்களில் ஒன்று என்பதை மறைக்க வேண்டாம். பொதுச் சேவை என்பது இரண்டொரு வருஷம் கழித்துத்தான் வந்தது. அவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட வேலை என்ன தெரியுமா? சிகாகோ நகரத்துக்குப் பொதுக் கழிப்பறை. நம் பஸ் நிலையங்களை நினைத்தால் அந்த வேலை இன்னும் முடியவில்லை என்றுதான் தோன்றுகிறது.

இந்தியாவில் முதல் சங்கம் கல்கத்தாவில் 1919-ல் தொடங்கியது. சென்னைக்கு 1929-ல் வந்தது. ஆரம்பத்தில் அது பெரும்பாலும் வெள்ளைக்கார வியாபாரிகளின் வட்டம். பிறகு நிலைமை மாறி, கல்கத்தாவைச் சேர்ந்த நிதிஷ் லஹரி 1962-63-ல் உலகத் தலைவராகவே ஆனார். காலப்போக்கில் நம் போன்ற ஊர்களிலும் சங்கங்கள் வந்தன. டாக்டர், ஆடிட்டர், வக்கீல், ரைஸ் மில் முதலாளி, நகைக்கடைக்காரர் ஆகியோர் உறுப்பினர்கள். வங்கியிலிருந்து என்றால் மேலாளர்தான். கிளார்க்கை யார் கூப்பிடுவார்கள்? பெண்களையும் கூப்பிடவில்லை. உறுப்பினர்களின் மனைவிமார் ‘ஆன்ஸ்’ என்ற பெயரில் தனி வரிசையில் உட்கார்ந்தார்கள். கலிபோர்னியாவில் டுவார்ட்டி என்ற ஊரின் சங்கம் 1977-ல் மூன்று பெண்களைச் சேர்த்ததற்காக அந்தச் சங்கத்தையே தலைமை நீக்கியது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987-ல் பெண்கள் பக்கம் தீர்ப்பானது. 1989-ல் உலகம் முழுவதும் விதி மாறியது.

கூட்டம் நடக்கும் முறையைக் கவனியுங்கள். குறித்த நாளில் குறித்த நேரத்துக்கு மணி அடிக்கும். வருகைப் பதிவேடு உண்டு. வெளியூரில் இருந்தால் அந்த ஊர்ச் சங்கத்துக்குப் போய் வருகையை ஈடுகட்டலாம். அதற்கு ‘மேக்-அப்’ என்று பெயர். பிறகு சாப்பாடு, கேலி, அரட்டை. இதைத்தான் ஃபெலோஷிப் என்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வெட்டிப் பொழுதுதான். ஆனால் வாரா வாரம் சந்திப்பவர்களுக்குள் யாரிடம் ஜீப் இருக்கிறது, யார் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து வருவார், யார் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரமாட்டார் என்பதெல்லாம் தெரிந்திருக்கும். பி.காம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது எந்த ஐந்தொகையிலும் ஏறாத சொத்து.

இந்தச் சொத்து பெரிய அளவில் பயன்பட்டது போலியோ விஷயத்தில்.

அறுபதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு வகுப்பிலும் கால் சூம்பிய ஒரு பிள்ளை இருப்பான். முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டு நடப்பான், அல்லது இரும்புக் கேலிப்பர் போட்டிருப்பான். இரண்டு நாள் காய்ச்சலில் போன கால் திரும்பாது. இதில் சூது என்னவென்றால், கிருமி தொற்றிய சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் கை கால் விழும். மற்றவர்கள் ஒன்றும் தெரியாமல் கிருமியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போவார்கள். ஆகவே நோயாளியைத் தேடி மருந்து கொடுத்துப் பயனில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுத்தாக வேண்டும்.

ரோட்டரி 1979-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் 60 லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் திட்டத்தை ஏற்றது. அது நடந்த தைரியத்தில் 1985-ல் போலியோ பிளஸ் என்ற உலகத் திட்டத்தை அறிவித்தது. 12 கோடி டாலர் திரட்டுவது இலக்கு. 1988-ல் கணக்குப் பார்த்தபோது 24 கோடியே 70 லட்சம் டாலர் வந்திருந்தது. வசூலில் இலக்கை இரு மடங்கு தாண்டிய கிளையை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. அதே ஆண்டு உலக சுகாதார அமைப்பும் போலியோவை ஒழிக்கத் தீர்மானம் போட்டது. அப்போது ஆண்டுக்கு சுமார் மூன்றரை லட்சம் குழந்தைகள் முடமாகிக்கொண்டிருந்தார்கள்.

பணம் வந்தது. முறை? அதற்கு நாம் ரொம்ப தூரம் போக வேண்டாம். விழுப்புரம் ஜங்ஷனில் காட்பாடி ரயில் ஏறி, திருவண்ணாமலை வழியாகப் போனால் வேலூர். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் என்ற கிருமியியல் நிபுணர், ஊரில் உள்ள எல்லாச் சிறு குழந்தைகளுக்கும் ஒரே சமயத்தில், இடைவெளி விட்டுச் சில முறை சொட்டு மருந்து கொடுத்தால் நோய் அடங்குகிறது என்று காட்டினார். நாடித் துடிப்பு மாதிரி விட்டு விட்டுக் கொடுப்பதால் ‘பல்ஸ்’ என்று பெயர். 1983-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அந்தக் கட்டுரை வந்தது. 1994 அக்டோபர் 2 அன்று டெல்லியில் இந்த முறையில் பெரிய முகாம் நடந்தது. 1995 டிசம்பர் 9 அன்று நாடு முழுவதும் முதல் சுற்று.

ஒரே நாளில் கோடிக்கணக்கான குழந்தைகள் என்றால், மருந்தை விடப் பெரிய பிரச்சினை ஆள். தமிழ்நாட்டில் மட்டும் 43,000-க்கும் மேற்பட்ட மையங்கள், காலை 7 முதல் மாலை 5 வரை. மருந்து கொடுத்தவர்கள் கிராம சுகாதார செவிலியர்களும் அங்கன்வாடி, சத்துணவுப் பணியாளர்களும்தான். அந்தப் பெருமையை ரோட்டரிக்காரர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. சுற்று வேலைகளுக்குத்தான் அவர்கள் உதவினார்கள்: ஆட்டோவில் மைக் கட்டுவது, பந்தல், வண்டி, பணியாளர்களுக்குச் சாப்பாடு. சின்ன வேலைதானே என்று தோன்றும். நம்மைப் போன்ற ஊரில் அது சின்ன வேலை இல்லை. விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து ஐந்து திசைக்கு ரயில் போகிறது. திண்டிவனத்தில் சென்னை, புதுச்சேரி, செஞ்சி, மரக்காணம், வந்தவாசிச் சாலைகள் கூடுகின்றன. முகாம் நாளில் பாதிக் குழந்தைகள் வீட்டில் இல்லை, பஸ்ஸில் இருக்கும்.

நான் திண்டிவனத்தில் வேலை பார்த்தபோது ஒரு முகாம் ஞாயிறன்று பஸ் நிலையத்தில் இதை அருகிலிருந்து பார்த்தேன். நிற்கிற ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒருவர் ஏறி, ஐந்து வயதுக்குள் குழந்தை உண்டா என்று கேட்டு, இடது கைச் சுண்டுவிரலில் மை இருக்கிறதா என்று பார்ப்பார். கீழே நர்ஸம்மா மருந்துப் பெட்டியோடு நிற்பார். கண்டக்டர் விசில் அடிப்பதற்குள் முடிய வேண்டும். நண்பகலுக்குள் பெட்டியில் இருந்த ஐஸ் பேக்குகள் உருகிவிட்டன. வெயிலில் அந்த மருந்து தாங்காது. ரோட்டரிக்காரர் ஒருவர் எதிரே எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஒரே ஒரு போன் செய்தார். ஐஸ் ஃபாக்டரி வைத்திருக்கும் அவர் நண்பர், பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து பூட்டைத் திறந்தார். ‘எப்படி சார் உடனே வந்துட்டார்?’ என்று கேட்டேன். ‘வாரா வாரம் என் பக்கத்துலதான் உக்காந்து சாப்பிடுவார்’ என்றார். ஃபெலோஷிப் என்ற வார்த்தைக்கு எனக்கு அன்றுதான் பொருள் புரிந்தது.

2009-ல் உலகத்தில் பதிவான 1,604 போலியோ பாதிப்புகளில் 741 இந்தியாவில். பெரும்பாலும் உத்தரப் பிரதேசம், பீகார். அடுத்த ஆண்டு 42. கடைசிப் பாதிப்பு 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்காளத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தைக்கு. 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார அமைப்பு நம் பகுதிக்குப் போலியோ இல்லை என்று சான்று கொடுத்தது. ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் கிருமி இன்னும் இருப்பதால்தான் இங்கே முகாம்கள் தொடர்கின்றன.

இனி நம் விஷயம். முகாம் முடிந்த மறுநாள், விடுபட்ட குழந்தைகளைத் தேடிப் பணியாளர்கள் வீடு வீடாக வருவார்கள். குடிசைப் பகுதியில் அவர்களுக்குக் கதவு திறந்திருக்கும். அடுக்ககத்தில்தான் சிக்கல். கேட்டில் செக்யூரிட்டி, மேலே பூட்டிய கதவு, மணி அடித்தால் ‘எங்க டாக்டர்கிட்ட போட்டாச்சு’ என்று ஒரு குரல். தனியாரிடம் போட்டிருந்தாலும் முகாம் சொட்டு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கலாம், கெடுதல் இல்லை. எந்த ஃபிளாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மொட்டை மாடியில் மாலை நேரம் கூடிப் பேசும் பெரியவர்களுக்குத் தெரியும். பேரன் பேத்தி விளையாட்டின் மூலம் பாட்டிமார்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி செக்யூரிட்டி மேஜையில் வைத்திருக்கிறேன். பிளாக் வாரியாக, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள ஃபிளாட் எண்ணை மட்டும் எழுதினால் போதும். அடுத்த முகாம் தேதி அறிவித்ததும், பணியாளர்களுடன் லிஃப்டில் ஏறி இறங்க ஒரு பிளாக்குக்கு இரண்டு பேர் வேண்டும். முதல் பக்கத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். அடுத்த வரி காலியாக இருக்கிறது.