கிறைஸ்ட்சேர்ச்சுக்கு முன்னும் பின்னும்: நியூசிலாந்தின் துவக்குச் சட்டம்

2019 மார்ச் 15ஆம் திகதி, கிறைஸ்ட்சேர்ச் நகரின் அல் நூர் பள்ளிவாசலிலும் லின்வூட் இஸ்லாமிய நிலையத்திலும் ஜும்ஆவுக்கு வந்திருந்தோரில் 51 பேர் ஷஹீதானார்கள். கொலையாளியின் இனவெறி பற்றி நம்மவர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். அவன் கையிலிருந்த துவக்குகள் கடையில் சட்டப்படி வாங்கியவை என்பதை அவ்வளவாகப் பேசவில்லை.

நியூசிலாந்தின் 1983ஆம் ஆண்டுச் சட்டம் ஆளுக்குத்தான் அனுமதிப்பத்திரம் கொடுத்தது. சாதாரணத் துவக்குகளைப் பதிவுசெய்யச் சொல்லவில்லை. 1990இல் அரமோவானா என்ற சிற்றூரில் ஒருவன் 13 பேரைச் சுட்டுக் கொன்றான். அதன்பின் 1992இல், இராணுவ பாணி அரைத் தன்னியக்கத் துவக்குக்கு விசேட அனுமதி வேண்டுமென்று விதித்தார்கள். ஆனால் ஓர் ஓட்டை இருந்தது. ஏழு ரவைக்கு மேல் கொள்ளாத ரவைக்கூட்டோடு விற்றால் அதே துவக்கு சாதாரணத் துவக்காகிவிடும். பெரிய ரவைக்கூட்டை அனுமதிப்பத்திரமே இல்லாமல் தனியாக வாங்கிக்கொள்ளலாம். கொலையாளி நுழைந்தது இந்த ஓட்டையால்தான். எல்லாத் துவக்குகளையும் பதிவுசெய்யுங்கள் என்று 1997இல் ஓய்வுபெற்ற நீதிபதி தோர்ப் கொடுத்த அறிக்கையும் அப்படியே கிடந்துவிட்டது.

கொலையாளி அவுஸ்திரேலியன். அவன் நாட்டில் 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டதும், இத்தகைய துவக்குகளைப் பொதுமக்களுக்குத் தடைசெய்து, ஏறத்தாழ 6,50,000 துவக்குகளை அரசு காசு கொடுத்து வாங்கி அழித்தது. அங்கே அடைபட்ட வாசல் நியூசிலாந்தில் திறந்தே கிடந்தது.

சரி, சட்டம் வந்தால் குற்றம் குறையுமா? எந்தக் குற்றம் என்று முதலில் கேட்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் 1996 வரையான 18 ஆண்டுகளில், ஐந்து பேருக்குக் குறையாமல் பலியான துப்பாக்கிச் சூடுகள் 13 நடந்தன. அடுத்த இருபது ஆண்டுகளில் ஒன்றுமில்லை. சாதாரணத் துப்பாக்கிக் கொலைகளோ அதற்கு முன்பே குறைந்துகொண்டு வந்தவை. ஆகவே, அந்தக் குறைவுக்குச் சட்டம்தானா காரணம் என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

நியூசிலாந்துப் பாராளுமன்றம் 2019 ஏப்ரலில் 119க்கு 1 என்ற வாக்கில் அந்தத் துவக்குகளைத் தடைசெய்தது. 50,000க்கும் மேற்பட்டவை அரசிடம் வந்து சேர்ந்தன. ஆனாலும் பாதாளக் குழுக்களின் வெடிச்சத்தம் ஓயவில்லை. அவர்களுக்குத் துவக்கு போவது களவாகவும், அனுமதிப்பத்திரம் உள்ளவன் வாங்கிக் கைமாற்றுவதாலும். அந்த வழியைப் பிடிக்க, எந்தத் துவக்கு யாரிடம் என்ற பதிவேடு வேண்டும்.

ஆக, கூட்டக் கொலையின் அளவைக் குறைப்பது தடை. கைமாறும் துவக்கைத் தேட உதவுவது பதிவேடு. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. இரண்டுமே வெறுப்பை அழிக்காது. வெறுப்புள்ளவன் கைக்கு எது எட்டும் என்பதைத்தான் தீர்மானிக்கும்.

தோர்ப் கேட்ட பதிவேடு 2023 ஜூனில் தொடங்கியது: அறிக்கைக்கு 26 வருசத்துக்குப் பின், 51 ஜனாஸாக்களுக்குப் பின்.