அந்தமான் எத்தனை தூரம்?

அந்தமானுக்கு எத்தனை தூரம் என்று தாயகத்தில் உள்ளோர் வினவினால், அங்குக் குடியேறிய தமிழர் மைல் கணக்குச் சொல்வதில்லை. "கப்பலில் மூன்று நாள், விமானத்தில் இரண்டு மணி நேரம்" என்பதே அவர்கள் தரும் விடை. அவ்விடையின் பின்னே ஒரு நெடிய வரலாறு உண்டு.

பாய்மரக் காலத்தில் தூரத்தை வகுத்தது காற்றே. ஒரு பருவக்காற்றில் சென்ற கலம், காற்று திசைமாறிய பின்னரே மீள இயலும். முதலாம் இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டையொட்டி நடத்திய கடாரப் படையெடுப்பில் வென்ற இடங்களுள், நிக்கோபார் 'மாநக்கவாரம்' எனத் தஞ்சைக் கல்வெட்டில் இடம்பெற்றுள்ளது. அப்படையெடுப்பிற்கு இலக்கான ஸ்ரீவிஜயப் பேரரசை நினைவூட்டும் 'ஸ்ரீ விஜயபுரம்' என்னும் பெயரே 2024-இல் போர்ட் பிளேருக்குச் சூட்டப்பட்டது.

1858 மார்ச்சு 10-ஆம் நாள், 200 கைதிகளுடன் 'செமிராமிஸ்' என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து அங்கு வந்து சேர்ந்தது. அன்று முதல் அக்கடல் 'காலாபானி' ஆயிற்று. 1911-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'மகாராஜா' கப்பலில் சாவர்க்கர் கொண்டு செல்லப்பட்டார். கடற்பயணம் சில நாளே. அவர்மீது விதிக்கப்பட்ட தண்டனையோ 50 ஆண்டுகள். கைதிக்குத் தூரம் மைலில் இல்லை, தீர்ப்பில் இருந்தது.

நிற்க. சென்னையிலிருந்து 1,190 கிலோமீட்டர் என்று பல ஏடுகளில் காண்கிறோம். தேசப்படத்தில் நேர்கோட்டில் அளந்தாலோ 1,350-க்கும் மேல் வருகிறது. இம்முரண்பாடு எங்ஙனம் நேர்ந்தது? கடல் வழி ஏறத்தாழ 740 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், தரை மைலோ 1.609 மட்டுமே. 740-ஐக் கடல் மைலாகக் கொண்டால் 1,370 கிலோமீட்டர். தரை மைலாகக் கொண்டால் 1,190. அளவையை மாற்றியவர் எவரோ, கடலைத் தரையாக எண்ணிவிட்டார் போலும்! மொழிபெயர்ப்பை அலுவலாகக் கொண்ட எனக்கு இப்பிழை ஓர் எச்சரிக்கை. ஒரு சொல்லில் நேர்ந்த தவற்றால் 180 கிலோமீட்டர் கடல் மறைந்துவிடுகிறது.

கதிரவன் இவ்வாறு பிழைபடுவதில்லை. சென்னைக்குக் கிழக்கே ஏறத்தாழ பன்னிரண்டரைப் பாகை தள்ளியிருப்பதால், பாகைக்கு 4 நிமிடமாக, அங்கு உச்சிப்பொழுது 50 நிமிடம் முந்தி வருகிறது. கடிகாரம் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒன்றே.

போர்ட் பிளேருடன் பயணம் முடிந்ததாக எண்ணிவிடலாகாது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் சில, அங்கிருந்து மேலும் 400 கிலோமீட்டர் தெற்கேயுள்ள கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. 2004 திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அத்தீவைத் தாக்கியபோது செய்தித் தொடர்பு அறுந்தது. உற்றார் உயிரோடு உளரா என்பதை அறிய இயலாது தவித்தோருக்கு, அன்று அக்கடலின் அகலம் எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை.

2020 ஆகஸ்டில் சென்னையையும் இத்தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடியிழைக் கம்பிவடம் திறந்து வைக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். ஆள் செல்ல மூன்று நாளாகும் வழியில், குரல் இன்று நொடிப்பொழுதில் செல்கிறது. பிற மாநிலங்களில் வாழும் நாமும், நம் ஊர் எத்தனை தூரம் என்று நம் மக்கள் கேட்கும்போது, மைல் கணக்கோடு இத்தகைய வரலாற்றையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.