சிவகங்கை மாவட்டப் பள்ளிகளின் தேர்ச்சி நிலை

சிவகங்கை மாவட்டப் பள்ளிகளின் தேர்ச்சி நிலை என்பது தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்தில் பயிலும் மாணவர்கள் அரசுப் பொதுத் தேர்வுகளில் பெற்றுவரும் தேர்ச்சியைக் குறிக்கும். மதுரைக்குக் கிழக்கே அமைந்த இம்மாவட்டம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தில் 2018, 2025 ஆகிய ஆண்டுகளில் மாநிலத்தில் முதலிடம் பெற்றது.

பின்னணி

இம்மாவட்டம் 1985 இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை 13,39,101 ஆகும். இவர்களில் ஏறத்தாழ 69% பேர் ஊர்ப்புறங்களில் வாழ்ந்தனர். மழையையும் கண்மாய்ப் பாசனத்தையும் நம்பிய வேளாண்மையே முதன்மைத் தொழில். காரைக்குடி, தேவகோட்டை போன்ற ஊர்களில் நகரத்தார் கல்வி நிறுவனங்களை நிறுவினர். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 1947 இல் கல்லூரி தொடங்கினார்.

பத்தாம் வகுப்பு முடிவுகள்

- 2018: மாவட்டம் 98.50%, மாநிலம் 94.50% (முதலிடம்)
- 2023: மாவட்டம் 97.53%, மாநிலம் 91.39% (இரண்டாம் இடம்)
- 2024: மாவட்டம் 97.02%, மாநிலம் 91.55% (இரண்டாம் இடம்)
- 2025: மாவட்டம் 98.31%, மாநிலம் 93.80% (முதலிடம்)

கொரோனா பெருந்தொற்றால் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் தேர்வு நடத்தப்படாமல் அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டனர். 2018 உடன் ஒப்பிடுகையில் 2023 இல் மாநிலத்தின் விகிதம் மூன்று புள்ளிகளுக்கு மேல் குறைந்திருந்தது. இம்மாவட்டத்தில் ஏற்பட்ட குறைவு ஒரு புள்ளியை எட்டவில்லை. 2024 ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் இம்மாவட்டம் 97.42% தேர்ச்சி பெற்றது.

எழுத்தறிவும் தேர்ச்சியும்

2011 இல் இம்மாவட்டத்தின் எழுத்தறிவு விகிதம் 79.85% ஆகும். இது மாநில விகிதமான 80.09% ஐ விடச் சற்றுக் குறைவு. இவ்விரு அளவுகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. எழுத்தறிவு விகிதம் ஏழு வயது நிரம்பிய அனைவரையும், முதியோர் உட்பட, கணக்கில் கொள்கிறது. தேர்ச்சி விகிதமோ ஒரே வகுப்பைச் சேர்ந்த இளையோரை மட்டும் காட்டுகிறது. பள்ளி வாய்ப்புக் கிட்டாத முதியோரும் தேர்வில் வெற்றி பெறும் பிள்ளைகளும் ஒரே வீட்டில் வாழும் நிலையை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

கணக்கிடும் முறையும் வரம்புகளும்

தேர்வெழுதியவர்களுள் தேர்ச்சி பெற்றவர்களின் விழுக்காடே தேர்ச்சி விகிதம் ஆகும். ஒவ்வொரு பாடத்திலும் 100க்கு 35 மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி. எனவே 35 பெற்றவரும் 95 பெற்றவரும் இக்கணக்கில் ஒன்றே. இடையில் பள்ளியை விட்டு நின்றவர்களும் தேர்வுக்கு வராதவர்களும் இதில் சேர்வதில்லை. ஆகையால் இவ்விகிதம் மாணவரின் அறிவுத் திறனை முழுமையாக அளப்பதன்று. தேர்வெழுதியோரில் எத்தனை பேர் பின்தங்கினர் என்பதையே தெளிவாகக் காட்டுகிறது. 2025 இல் அவ்வாறு பின்தங்கியோர் மாநிலத்தில் நூற்றுக்கு ஆறு பேர். சிவகங்கையில் இருவருக்கும் குறைவு. தேர்ச்சி பெறாதவர்கள் அதே ஆண்டில் துணைத் தேர்வு எழுதலாம்.

இவற்றையும் பார்க்க

- சிவகங்கை மாவட்டம்
- தமிழ்நாட்டில் கல்வி
- சத்துணவுத் திட்டம்