மருதையாற்றுப் பாலம், 1956

பச்சைமலையில் பிறந்து பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் வழியாக ஓடிக் கொள்ளிடத்தில் கலக்கிறது மருதையாறு. வருடத்தின் பெரும்பகுதி வெறும் மணல்தான். வடகிழக்குப் பருவமழை வலுத்துவிட்டால் அதே ஆறு கரை கொள்ளாமல் ஓடும்.

1956 நவம்பரில் அப்படித்தான் ஓடியது. 22ஆம் தேதி இரவு சென்னையிலிருந்து கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், மறுநாள் விடியும் வேளையில் அரியலூரைத் தாண்டியது. கல்லகம் போய்ச் சேருவதற்குள் ஆற்றைக் கடக்க வேண்டும். பாலத்தின் அடியை அதற்குள் வெள்ளம் அரித்துவிட்டிருந்தது. நீராவி எஞ்சின் ஆற்றில் சரிய, முன்பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதைத் தொடர்ந்தன. பின்பெட்டிகள் தண்டவாளத்திலேயே நின்றுவிட்டன. எழும்பூரில் எந்தப் பெட்டியில் ஏறினோம் என்பதில் இருந்தது உயிர். 140க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், பலர் தூக்கத்திலேயே.

ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதே ஆண்டு மகபூப்நகர் ரயில் விபத்தின்போதும் அவர் விலக முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். அரசியல் நேர்மைக்கு உதாரணம் கேட்டால் இன்றும் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். சொல்லட்டும், தகும். ஆனால் அந்தக் கதையில் அரியலூர் வெறும் ஊர்ப்பெயராகவும், இறந்தவர்கள் வெறும் எண்ணாகவும் சுருங்கிப்போனது வருத்தம் தருகிறது.

தமிழ்நாட்டில் அந்த நினைவு வேறு திசையிலும் போனது. ரயில்வே துணை அமைச்சர் ஓ.வி. அழகேசன் தமிழர். தி.மு.க. முதன்முதலாகக் களமிறங்கிய 1957 பொதுத்தேர்தலில், அவர் பெயரையும் அரியலூரையும் சேர்த்து எதுகையோடு எழுந்த முழக்கம் பட்டிதொட்டியெல்லாம் பரவியது. அவர் தோற்றார்.

அன்று இந்தப் பகுதி திருச்சி மாவட்டத்தில் இருந்தது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் மீண்டும் தனி மாவட்டமாகப் பிரிந்த நாள் 2007 நவம்பர் 23. விபத்து நடந்து சரியாக 51 ஆண்டுகள். மாவட்டம் மீண்டும் பிறந்த நாளும் அந்தப் பயணிகளின் நினைவுநாளும் ஒன்றே. இறந்தவர்களையும் அன்று நினைத்தால் நல்லது.

பெரம்பலூர் மாவட்டம் கொட்டரையில் இப்போது மருதையாற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் இருக்கிறது. ரயில் பாதையிலும் வெள்ளத்துக்கு எதிராக எச்சரிக்கை உண்டு: பாலங்களின் தூண்களில் வெள்ள அபாய அளவைச் சிவப்பில் குறித்திருப்பார்கள். மழைக்காலத்தில் தண்டவாளத்தை ஒட்டி ரோந்து போகும் ஊழியர் கையில் விளக்கு இருக்கும். பாதை அரித்திருப்பதைக் கண்டால், சிவப்பு விளக்கைக் காட்டி எந்த எக்ஸ்பிரஸையும் அவர் நிறுத்தலாம்.