வாசல்வரை ஒளியிழை: பிரிட்டனின் தொலைத்தொடர்புப் பதிவேடுகளும் வீடுகளும்

பிரிட்டனில் ஒரு வீட்டுக்கு முழு ஒளியிழை இணைப்பு கிடைக்குமா என்று கேட்டால் ஒரே முகவரிக்கு இருவேறு விடைகள் வருவது இன்றும் வழக்கமாக இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் பதிவேடு கிடைக்கும் என்கிறது, மற்றொன்று கிடைக்காது என்கிறது. ஏற்றுக்கொள்ளப்பட்ட விண்ணப்பம், பணியாளர் தெருவுக்கு வந்து பார்த்த பிறகு, சில வாரங்களில் கைவிடப்படுகிறது. இதைக் கணினித் தரவுகளில் நேரும் சிறு பிழை என்று கருதுவோர் உண்டு. ஆனால் அந்த நாட்டின் தொலைத்தொடர்பு வரலாற்றை ஊன்றிப் படித்தால், ஒவ்வொரு தலைமுறையிலும் சேவை கிடைப்பதை அளக்கும் அலகு வீட்டைவிடப் பெரியதாகவே இருந்துவந்தது என்பதும், தொலைபேசி நிலையம், தெருப்பெட்டி, அஞ்சல் குறியீடு என்று அந்த அலகு மாறிக்கொண்டே வந்தபோதும் வீட்டுவாசல் கணக்குக்கு வெளியிலேயே நின்றது என்பதும் தெளிவாகும்.

முழு ஒளியிழை என்பது தொலைபேசி நிலையத்திலிருந்து வீட்டுச் சுவரின் உட்புறம் வரை செம்புக் கம்பி எங்கும் குறுக்கிடாமல் கண்ணாடி இழை மட்டுமே செல்லும் அமைப்பு. நிலையத்திலிருந்து தெருமுனைப் பெட்டி வரை கண்ணாடியும் அங்கிருந்து வீடு வரை பழைய செம்பும் செல்லும் கலப்பு அமைப்பு இதிலிருந்து முற்றிலும் வேறானது. செம்பில் குறிகை தொலைவுக்கேற்பத் தேய்ந்துபோகும். கண்ணாடியில் ஒரு நகரத்தின் அளவுக்குள் அத்தேய்வு பொருட்படுத்தத்தக்கதன்று. எனவே இவ்விரண்டையும் ஒரே பெயரால் குறித்த நீண்ட காலம்தான் இன்றைய குழப்பத்தின் பெரும்பகுதிக்குக் காரணமாயிற்று.

லண்டனின் முதல் தொலைபேசி நிலையம் 1879இல் கோல்மன் தெருவில் திறக்கப்பட்டது. தனியார் நிறுவனங்கள் வளர்த்த அந்த வலையமைப்பை 1912இல் அஞ்சல் துறை தன்வசம் எடுத்துக்கொண்டது. மாநகராட்சியே தொலைபேசி நடத்திய ஹல் நகரம் மட்டும் அதற்கு விதிவிலக்காக நின்றது. அக்காலத்தில் ஒரு வீட்டுக்கு இணைப்பு கிடைக்குமா என்பது, அத்தெருவின் கேபிளில் பயன்படுத்தப்படாத கம்பி இணை ஒன்று மிச்சம் இருக்கிறதா என்ற கேள்வியாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கம்பிக்கும் கருவிகளுக்கும் பெரும் தட்டுப்பாடு நிலவியதால், 1948 முதல் புதிதாகச் சேர்ந்த வீட்டு வாடிக்கையாளர்கள் தேவைப்பட்டால் ஒரே கம்பியை அண்டை வீட்டாருடன் பகிர்ந்துகொள்ளக் கடமைப்பட்டிருந்தனர். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருந்தாலும் விடையில் ஐயம் இல்லை. கம்பியைப் புதைத்ததும், அதன் பதிவேட்டை வைத்திருந்ததும், விண்ணப்பத்தைப் பெற்றதும் ஒரே துறை. பின்னாளில் இந்த மூன்றும் வெவ்வேறு கைகளுக்குப் போனதைத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது, அந்த விலையைச் செலுத்தியவர்கள் வீட்டுக்காரர்கள்.

கண்ணாடி இழை வழியாகச் செய்தி அனுப்பலாம் என்ற எண்ணத்துக்கு உறுதியான அடித்தளம் பிரிட்டனிலேயே இடப்பட்டது. ஹார்லோ நகரிலிருந்த ஸ்டாண்டர்ட் டெலிகம்யூனிகேஷன் ஆய்வகத்தில் பணியாற்றிய சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் 1966இல் வெளியிட்ட ஆய்வில், ஒளி மங்குவதற்குக் கண்ணாடியின் இயல்பைவிட அதிலுள்ள மாசுகளே முதன்மைக் காரணம் என்றும், ஒரு கிலோமீட்டருக்கு 20 டெசிபெல் இழப்பு, அதாவது செலுத்திய ஒளியில் நூற்றில் ஒரு பங்கு மறுமுனையை எட்டும் நிலை, வந்துவிட்டால் தொலைத்தொடர்புக்கு அதுவே போதும் என்றும் காட்டினார்கள். அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 1970இல் அந்த அளவைக் கடந்தது. 1977இல் ஹிட்சினுக்கும் ஸ்டீவனேஜுக்கும் இடையே சுமார் 9 கிலோமீட்டர் தொலைவுக்கு நொடிக்கு 140 மெகாபிட் கடத்தும் ஒளியிழை போடப்பட்டது. நிலையங்களை இணைக்கும் நெடுந்தொலைவு வழிகள் விரைவில் கண்ணாடிக்கு மாறிவிட, வீட்டுக்குச் செல்லும் கடைசிப் பகுதி மட்டும் செம்பாகவே எஞ்சியது. ஆயிரக்கணக்கானோரின் அழைப்புகள் சேர்ந்து செல்லும் வழியில் பள்ளம் தோண்டும் செலவு அவர்கள் அனைவருக்கும் பகிர்ந்துவிடும். ஒரே வீட்டுக்குச் செல்லும் வழியில் அச்செலவு முழுவதும் அந்த ஒரு வீட்டின் கணக்கில் விழும். செலவைத் தீர்மானித்தது கண்ணாடியின் விலையன்று, மண்ணைத் தோண்டும் கூலி.

அஞ்சல் துறையின் தொலைபேசி வலையமைப்பைப் பின்னர் ஏற்றிருந்த பிரிட்டிஷ் டெலிகாம் 1984இல் தனியார்மயமாக்கப்பட்டது. அந்நிறுவனம் தன் வலையமைப்பில் தொலைக்காட்சி வழங்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை, புதிதாக முளைத்த கேபிள் நிறுவனங்களைக் காக்கும் நோக்கில், 1991இல் அரசு மீண்டும் உறுதிசெய்தது. வீட்டுக்கு ஒளியிழை போட்டால் வருவாய் தரக்கூடிய முதன்மையான சேவை அதனால் அடைபட்டுப் போயிற்று. ஆயினும் பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்டிலும் மில்டன் கீன்ஸிலும் தொலைபேசிக்காக மட்டும் தெரு வரை ஒளியிழை கொண்டுவரும் அமைப்பு ஒன்றை அந்நிறுவனம் நிறுவிப் பார்த்தது. இதன் பின்விளைவு இந்த வரலாற்றின் மிகக் கசப்பான பகுதி. சில ஆண்டுகளில் செம்புக் கம்பி வழியே பிராட்பேண்ட் வழங்கும் ஏடிஎஸ்எல் தொழில்நுட்பம் வந்தபோது, அதற்கு நிலையம் முதல் வீடு வரை இடையறாத செம்பு தேவைப்பட்டது. நடுவில் கண்ணாடி இருந்த வீடுகளுக்கு அச்சேவை கிடைக்கவில்லை. நாட்டிலேயே முன்னதாக ஒளியிழை பெற்ற தெருக்கள் பிராட்பேண்ட் இல்லாத தெருக்களாக ஆயின. அவற்றில் சிலவற்றுக்குப் பின்னர் செம்புக் கம்பியையே புதிதாகப் போட வேண்டியதாயிற்று.

ஏடிஎஸ்எல் சேவை 2000இல் வணிக முறையில் தொடங்கியது. அப்போது கிடைப்பது என்பதன் அலகு தொலைபேசி நிலையம். கருவிகளைப் பொருத்தும் செலவு திரும்பி வராது என்று கருதப்பட்ட சிறு நிலையங்களுக்கு 2002இல் ஒரு பதிவு முறை வந்தது. அந்நிலையத்தைச் சார்ந்த குடும்பங்களுள் குறிப்பிட்ட எண்ணிக்கையினர் விருப்பம் தெரிவித்தால் மட்டுமே அது மேம்படுத்தப்படும். பல ஊர்களில் மக்கள் வீடுவீடாகச் சென்று பெயர் சேர்த்தனர். இணைப்பைக் கோரிப் பெறும் பொறுப்பு ஊராரின் தோளில் ஏற்றப்பட்டது அப்போதுதான். 2004 அளவில் ஏறத்தாழ எல்லா நிலையங்களையும் மேம்படுத்தும் முடிவு எடுக்கப்பட்டு அம்முறை கைவிடப்பட்டது. நிலையம் தயார் என்றாலும் வீடு தயார் என்று பொருளில்லை. தொலைவு கூடினால் வேகம் குறைந்தது. சிக்கனத்துக்காகச் சில காலம் போடப்பட்ட அலுமினியக் கம்பி மேலும் குறைத்தது. ஒரே கம்பி இணையில் இரு தொலைபேசி எண்களை ஓட்டுவதற்காகப் பொருத்தப்பட்டிருந்த பகிர்வுக் கருவி அச்சேவையை முற்றிலுமாகத் தடுத்தது. அக்கருவி எந்தக் கம்பியில் இருக்கிறது என்பது அங்கே குடியிருந்தவருக்குப் பெரும்பாலும் தெரியாது. பதிவேடு தந்த விடை அளந்து கண்ட விடையாக இல்லாமல் கணித்துச் சொன்ன மதிப்பீடாக மாறியது இக்காலத்தில்தான். இன்றுவரை அதன் இயல்பு அதுவே.

கம்பிகளையும் குழாய்களையும் பராமரிக்கவும் எல்லாச் சேவை நிறுவனங்களுக்கும் ஒரே விதிகளின்படி வழங்கவும் பிரிட்டிஷ் டெலிகாமுக்குள் ஓபன்ரீச் என்ற தனிப் பிரிவு 2006இல் அமைக்கப்பட்டது. அது 2010இல் தெருப்பெட்டி வரை ஒளியிழை கொண்டுவரும் கலப்புச் சேவையை வணிக முறையில் தொடங்கியபோது, அளவை அலகு நிலையத்திலிருந்து தெருப்பெட்டிக்கு மாறியது. பெட்டிக்கு அருகிலிருந்தவருக்கு நொடிக்கு 40 மெகாபிட், பின்னர் 80 மெகாபிட் வரை கிடைத்தது. ஒரு கிலோமீட்டரைக் கடந்தவருக்கு அது வெகுவாகச் சுருங்கியது. நிலையத்துக்கு மிக அருகில் இருந்து, தெருப்பெட்டி எதையும் கடக்காமல் நேரடியாகக் கம்பி பெற்றிருந்த வீடுகளோ இத்திட்டத்தில் முற்றிலும் விடுபட்டன. முந்தைய தலைமுறையில் மிகச் சிறந்த வேகத்தைப் பெற்றிருந்த அவர்கள், தங்கள் நிலையத்துக்கு ஒளியிழைச் சேவை வந்துவிட்டது என்ற அறிவிப்பைப் படித்தும் அதைப் பெற இயலாமல் இருந்தனர்.

இந்தக் கலப்புச் சேவையும், கடைசிப் பகுதியில் உலோகக் கேபிளைப் பயன்படுத்திய கேபிள் நிறுவனங்களின் சேவையும் ஒளியிழை என்ற பெயரிலேயே விளம்பரம் செய்யப்பட்டன. விளம்பரத் தர ஆணையம் 2017இல் இதை ஆராய்ந்து, சராசரி நுகர்வோர் இதனால் ஏமாற்றப்படுவதில்லை என்று முடிவு செய்தது. முழு ஒளியிழை மட்டுமே போட்டுவந்த சிட்டிஃபைபர் நிறுவனம் அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றது. 2019இல் வழக்கு தள்ளுபடியாயிற்று. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் வகுத்த வழிகாட்டுதலின்படி 2024 செப்டம்பர் முதல்தான், ஒப்பந்தம் செய்யும் வேளையில் வாடிக்கையாளருக்குத் தரும் விவரங்களில், வீடு வரை கண்ணாடி செல்லும் சேவையை மட்டுமே ஒளியிழை என்று குறிக்க வேண்டும் என்ற நிலை வந்தது. இது மிகவும் காலந்தாழ்ந்த திருத்தம். தாங்கள் ஏற்கெனவே ஒளியிழையில் இருப்பதாக நம்பிய குடும்பங்கள், உண்மையான ஒளியிழை தெருவுக்கு வந்தபோது அதைப் பற்றி விசாரிக்கவே காரணம் இல்லாதிருந்தன.

ஆஃப்காமின் கணக்கில் 2018இல் முழு ஒளியிழை பெறத்தக்க வீடுகள் 6 சதவீதம். 2024இல் 69 சதவீதம். ஆறே ஆண்டுகளில் நிகழ்ந்த இப்பெரும் கட்டுமானத்தில் ஓபன்ரீச்சுடன் பல சிறு நிறுவனங்களும் இறங்கின. அவற்றுள் பல ஓபன்ரீச்சின் நிலத்தடிக் குழாய்களையும் கம்பங்களையும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தின. இவர்கள் தம் முன்னேற்றத்தை அளந்தது, கேபிள் தொலைக்காட்சிக் காலத்திலிருந்தே புழங்கிவந்த, கடந்து சென்ற வீடுகள் என்ற கணக்கால். கேபிள் வீட்டின் அருகே கடந்து சென்றாலே அந்த வீடு எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். ஆனால் கம்பத்தின் உச்சியில் உள்ள இணைப்புப் பெட்டியில் சில முனைகளே உண்டு, அவை நிரம்பியிருக்கலாம். குழாய்க்குள் வைக்காமல் நேரடியாக மண்ணில் புதைத்த பழைய செம்புக் கேபிள் உள்ள வீட்டுக்குப் புதிய இழையை இழுக்க வழியிருக்காது. குழாய் இருந்தாலும் மண் அடைத்திருக்கலாம். வீட்டுக்குச் செல்லும் பாதை வேறொருவரின் நிலமாக இருந்தால் அவரது எழுத்துபூர்வ இசைவு வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இந்தக் கடைசிச் சிக்கல் மிகக் கடுமையானது. குடியிருப்பவர் இணைப்பைக் கேட்பார். கட்டட உரிமையாளர் கடிதத்துக்கு விடையே அனுப்பமாட்டார். அத்தகைய கட்டடங்களில் நடுவர் மன்றத்தின் வழியே தற்காலிக உரிமை பெற 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழிவகுத்தது.

இவற்றோடு முகவரிச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. பிரிட்டனின் ஓர் அஞ்சல் குறியீடு சராசரியாக 15 முகவரிகளை உள்ளடக்கும். அது தபால்காரரின் நடைவழியை எளிதாக்க வகுக்கப்பட்டதே தவிரக் கேபிளின் வழியைக் காட்ட வகுக்கப்பட்டதன்று. ஒரே குறியீட்டுக்குள் சாலையோர வீட்டுக்கு ஒரு கம்பமும் தோட்டத்துக்குப் பின்னால் தள்ளி நிற்கும் வீட்டுக்கு வேறொரு கம்பமும் இருக்கும். ஒவ்வொரு கட்டட அலகுக்கும் தனித்தனியே தரப்பட்ட தனித்துவச் சொத்து எண்கள் 2020இல் எல்லோரும் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டன. பல குடியிருப்புகளாகப் பிரிக்கப்பட்ட பழைய வீடுகளும், களஞ்சியத்திலிருந்து வீடாக மாற்றப்பட்ட கட்டடங்களும் அஞ்சல் பட்டியலில் ஒருவிதமாகவும் கம்பிப் பதிவேட்டில் வேறுவிதமாகவும் இருந்ததால், அந்த எண்ணைக் கொண்டும் எல்லாவற்றையும் உடனே பொருத்திப் பார்க்க முடியவில்லை.

இந்தக் குழப்பம் தவிர்க்க முடியாததன்று என்பதற்கு இரண்டு இடங்கள் சான்று. ஹல் நகரில் வலையமைப்பு ஒரே நிறுவனத்தின் கையில் இருந்ததால், 2019இல் அது முழு ஒளியிழை பெற்ற முதல் பிரிட்டிஷ் நகரமாயிற்று. லங்காஷயரின் சிற்றூர்களில் 2011இல் தொடங்கப்பட்ட பிராட்பேண்ட் ஃபார் தி ரூரல் நார்த் என்ற சமுதாய அமைப்பு வேறு வழியில் சென்றது. ஊராரே பள்ளம் தோண்டினர், விவசாயிகள் தம் வயல் வழியே கேபிள் செல்லக் கட்டணமின்றி இசைவளித்தனர். இழை போடும் முன்பே நிலத்துக்குரியவரின் ஒப்புதல் கையில் இருந்ததால், எந்த வீட்டுக்கு இணைப்பு வரும் என்பதைக் கணிக்க வேண்டிய தேவையே அங்கு எழவில்லை.

பழைய செம்புத் தொலைபேசிச் சேவையை 2027 ஜனவரிக்குள் நிறுத்துவது என்று முடிவாகியுள்ள நிலையில் பதிவேட்டின் துல்லியம் முன்னெப்போதையும்விட இன்றியமையாததாகிறது. சால்ஸ்பரியிலும் மில்டன்ஹாலிலும் முதலில் சோதித்துப் பார்க்கப்பட்ட முறைப்படி, ஒரு நிலையப் பகுதியில் 75 சதவீத இடங்களுக்கு முழு ஒளியிழை வந்ததும், அது கிடைக்கும் என்று பதிவாகியுள்ள முகவரிகளுக்குச் செம்பு வழிச் சேவை புதிதாக விற்கப்படுவதில்லை. கிடைக்காது என்று பதிவான வீடு செம்பு வழிச் சேவையையாவது பெறலாம். பதிவேட்டில் கிடைக்கும் என்று எழுதப்பட்டு, இழை மட்டும் வாசலை எட்டாத வீட்டுக்குக் குடிபுகுவோர், அப்பதிவு திருத்தப்படும்வரை இரண்டையும் கேட்டுப் பெற முடியாத நிலைக்குத் தள்ளப்படுகின்றனர்.